துரைசாணியின் கதை

ஒரு நாவலைப் பத்துப் பேர் வாசித்தால் பத்துக் கருத்து வரும் என்பது எல்லோரும் அறிந்த விடயம். ஆனால் ஒரு நாவலின் காரணமாக, ஆறாம் தரத்திலிருந்து ஒரே வாங்கில் அமர்ந்து வந்த இரண்டு தோழியர் மூன்று வாரம் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்ததை எங்கள் உயர்தர வகுப்பு இந்த ஆண்டுதான் கண்டது. தமிழ்ச் சங்கத்தின் வாசகர் வட்டத்தில் நாங்கள் எடுத்துக்கொண்ட நாவல் அது. சுவர்ப் பத்திரிகைக்கு அதைப் பற்றி ஒரு பக்க மதிப்புரை எழுதித் தரும்படி ஆசிரியை என்னிடம் சொல்லியிருந்தார். "நல்ல நூலா, இல்லையா என்று ஒரு முடிவைச் சொல்லி முடியுங்கள் மகள்" என்பது அவரது அறிவுரை. அந்த முடிவு எங்களுக்குக் கிடைக்கவில்லை. ஏன் கிடைக்கவில்லை என்பதைச் சொல்ல ஒரு பக்கமும் போதவில்லை. ஆகையால் இந்தக் கட்டுரை.

நாவலின் பெயர் 'தி டீ பிளான்டர்ஸ் வைஃப்'. எழுதியவர் டைனா ஜெஃப்ரிஸ் என்ற ஆங்கில எழுத்தாளர். மலாயாவில் பிறந்து சிறு வயதில் இங்கிலாந்துக்குப் போனவர். 2015ஆம் ஆண்டு வெளிவந்த இந்நூல் பிரித்தானியாவில் அதிகம் விற்பனையாகும் நூல்களின் பட்டியலில் முதலிடத்துக்கு வந்தது. வரலாற்றுக் காதல் நாவல் என்ற வகையைச் சேர்ந்தது. கதை நடக்கும் இடமோ நமது மலைநாடு. 1920களின் இலங்கை, தேயிலை மலை, தண்ணீர்க் கரையில் ஒரு பங்களா, பனி. நாங்கள் தினமும் பஸ்ஸில் கடந்து வரும் மலைகளை வாசித்து எங்கோ லண்டனில் ஒருவர் கண் கலங்கியிருக்கிறார் என்பதே எங்களுக்கு முதல் ஆச்சரியமாக இருந்தது.

என் மாமா கொழும்பில் ஒரு பழைய புத்தகக் கடையில் வாங்கி வந்த ஒரே ஒரு பிரதிதான் எங்களிடம் இருந்தது. ஆங்கிலத்தில் தடையின்றி வாசிக்கக் கூடியவர்கள் முறை வைத்து வீட்டுக்குக் கொண்டு போனார்கள். மற்றவர்களுக்காக, புதன்கிழமைகளில் கடைசிப் பாடவேளையில் அத்தியாயம் அத்தியாயமாக நான் தமிழில் கதை சொன்னேன். முதல் நாளே ஒரு சிக்கல் வந்தது. நூலின் பெயரைத் தமிழில் எப்படிச் சொல்வது? 'தேயிலைத் தோட்ட உரிமையாளரின் மனைவி' என்று நான் நீட்டி முழக்கியதைக் கேட்டு, தோட்டத்திலிருந்து வரும் என் தோழி சிரித்தாள்.

"எதுக்கு இவ்வளவு நீளம்? தொரசாணின்னு சொல்லேன்."

அவள் சொன்னது சரி. துரையின் மனைவி துரைசாணி. இருநூறு ஆண்டுகளாக மலையகம் வைத்திருக்கும் சொல் அது. ஆனால் அந்தச் சொல்லை நான் எடுத்த கணத்திலேயே கதை சற்று இடம் மாறி உட்கார்ந்துவிட்டது. ஆங்கிலத் தலைப்பில் அவள் ஒருவனுடைய மனைவி. 'துரைசாணி' என்றாலோ, பங்களாவின் கீழே மலையில் நின்று அவளை அண்ணாந்து பார்க்கும் ஒருத்தியின் குரலும் சேர்ந்து கேட்கிறது. எங்கள் கருத்து வேறுபாடு முழுவதும் இந்த இரண்டு பார்வைகளுக்கு நடுவில்தான் நடந்தது என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது.

கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பத்தொன்பது வயதான குவென் என்னும் ஆங்கிலப் பெண், மனைவியை இழந்த லோரன்ஸ் ஹூப்பர் என்ற துரையை மணந்து 1925இல் இலங்கைக்கு வருகிறாள். கணவன் எதையோ மறைக்கிறான். கணவனின் தங்கை வீட்டை விட்டு அசைய மறுக்கிறாள். பிறகு குவெனுக்கு இரட்டைக் குழந்தைகள் பிறக்கின்றன. ஆண் குழந்தை வெள்ளை, பெண் குழந்தை கறுப்பு. தன் மேல் பழி விழும் என்று அஞ்சி, ஆயாவின் உதவியோடு அந்தப் பெண் குழந்தையை இரகசியமாக ஒரு கிராமத்துப் பெண்ணிடம் வளர்க்கக் கொடுத்துவிடுகிறாள். மாதாமாதம் பணம் போகிறது. குழந்தையின் பெயர் லியோனி. ஆண்டுகள் கழித்து அவள் பங்களாவுக்கே வருகிறாள், ஆனால் மகளாக அல்ல. இறுதியில் உண்மை வெளிவருகிறது: அந்தக் கறுப்பு நிறம் வந்தது லோரன்ஸின் குடும்பத்திலிருந்து. அவனுடைய முன்னோரில் ஒருத்தி இந்த நாட்டுப் பெண். அதைக் குடும்பம் மறைத்து வைத்திருந்தது. உண்மை தெரியும் வேளையில் லியோனிக்கு ஆயுள் மிச்சமில்லை.

நான் இந்த இடத்தைச் சொன்ன புதன்கிழமை வகுப்பில் பாதிப் பேர் அழுதார்கள். அதிகம் அழுதவள், நான் முதலில் குறிப்பிட்ட இரு தோழியரில் ஒருத்தி. அவளுக்கு இந்த நாவல் உயிர். காரணத்தை அவளே வட்டத்தில் எழுந்து நின்று சொன்னாள். அவளுடைய ராத்தாவைப் பெண் பார்க்க ஒரு குடும்பம் வந்தது. தேத்தண்ணி குடித்தார்கள், பலகாரம் சாப்பிட்டார்கள், நன்றாகக் கதைத்துவிட்டுப் போனார்கள். நான்கு நாட்களுக்குப் பிறகு தரகர் வந்து, "எல்லாம் புடிச்சீக்கி, நிறம் மட்டும்தான் கொஞ்சம் கொற" என்றார். அன்றிலிருந்து ராத்தா கண்ணாடிக்கு முன்னால் நிற்கும் நேரம் கூடிவிட்டது. வெள்ளையாக்கும் கிரீம் வாங்காத மாதமில்லை.

"லியோனிய மறைச்சது வெள்ளைக்காரங்க மட்டுமில்ல" என்றாள் அவள். "நம்மட வீடுகள்லயும் கறுத்த புள்ளய ஃபோட்டோவுக்குப் பின்வரிசயிலதான் நிப்பாட்டுறாங்க. இரத்தம் சுத்தம் எண்டு பெருமயடிக்கிற குடும்பத்துக்குள்ள இருந்தே அந்த நிறம் வந்திச்சு எண்டு இந்தப் புத்தகம் சென்னிச்சே, அது போதும் எனக்கு."

வகுப்பு கைதட்டியது. அத்துடன் முடிந்திருந்தால் என் மதிப்புரை அன்றே எழுதப்பட்டிருக்கும். 'துரைசாணி' என்று பெயர் தந்த தோழி கைதட்டவில்லை. ஆசிரியை அவளிடம் கருத்துக் கேட்டார். அவள் எழுந்தாள். அவளுடைய தாய் கொழுந்து பறிப்பவர். விடியக் காலை எழுந்து, சமைத்து வைத்துவிட்டு, பெரட்டுக்குப் போய், நாள் முழுவதும் மலையில் நிற்பவர்.

"எனக்கு மூணு மாசமா இருக்கப்பவே எங்கம்மா என்னயப் புள்ளக் காம்பராவில விட்டுட்டு மலைக்குப் போனாங்க. தெனமும். இடையில பால் குடுக்க ஓடி வருவாங்க. ஒரு நாள் மலை தூரமா இருந்தா வர முடியாது. எங்க லயத்துல எல்லாப் புள்ளைங்களும் அப்படித்தான். ஒரு தொரசாணி ஒரு புள்ளயக் கிராமத்துல விட்டா அது நாவல். நாங்க எல்லாரும் அப்படியே வளந்தா அது தோட்டம். லியோனி பட்ட கஷ்டம்னு நீங்க அழுற வாழ்க்க இருக்கே, அதுல பாதி எங்களுக்குச் சாதாரணம்."

யாரும் பேசவில்லை. சற்று நேரம் கழித்து மற்றத் தோழி கேட்டாள், "அப்ப நான் அழுதது பொய்யா?" பதில் வரவில்லை. மணி அடித்தது. அடுத்த நாள் இருவரும் வேறு வேறு வாங்குகளில் அமர்ந்திருந்தார்கள்.

அடுத்த வாரம் மூன்றாவது கட்சியொன்று கிளம்பியது. வரலாற்றுப் பாடத்தில் எங்கள் வகுப்பில் முதலாவதாக வரும் மாணவி ஒரு தாளோடு வந்தாள். அதில் ஆண்டுகள் எழுதியிருந்தன. நாவல் நடக்கும் காலத்தில் இந்த மலைகளில் உண்மையில் நடந்தவை எவை என்பதே அவளது கேள்வி. தோட்டத்துக்கு ஆள் மாறும்போது கடனையும் சேர்த்துக் கைமாற்றிய 'துண்டு' முறை 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. 1927இல் இந்தியத் தொழிலாளருக்குக் குறைந்தபட்சச் சம்பளம் வழங்கும் சட்டம் வந்தது. தஞ்சாவூரிலிருந்து வந்த கோ. நடேசய்யர், வெளியார் நுழைய முடியாத தோட்டங்களுக்குள் புடவை வியாபாரி வேடத்தில் போய் லயங்களின் நிலையைக் கண்டு வந்தார். பின்னர் 1931இல் ஹட்டனைத் தளமாகக் கொண்டு தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கினார். அவருடைய மனைவி மீனாட்சி அம்மாள் பாட்டுக் கட்டி, கூட்டங்களில் தானே பாடித் தொழிலாளரைத் திரட்டினார்.

"வேஷம் போட்டுத் தோட்டத்துக்குள்ள போற ஒராள், மேடையில பாடுற ஒரு பொம்பள. இதவிட என்ன கதை வேணும்?" என்று அவள் கேட்டாள். "குவென் பங்களாவில கவலப்பட்டுக்கொண்டிருந்த அதே வருஷங்கள்ல, இதே ஹட்டன்ல மீனாட்சி அம்மாள் பாடிக்கொண்டிருந்தா. வரலாற்று நாவல் எண்டா அந்தச் சத்தம் கொஞ்சமாவது காதுல விழ வேணாமா?"

அவளுடைய கருத்தை மறுத்தவர்களும் இருந்தார்கள். கதாசிரியை எழுத வந்தது ஒரு தாயின் குற்ற உணர்ச்சியைப் பற்றி, தொழிற்சங்கத்தைப் பற்றியல்ல, எழுதாததை வைத்து ஒரு நூலைத் தீர்ப்பளிக்கலாமா என்று ஒருத்தி கேட்டாள். அதுவும் நியாயமான கேள்வியே. நான் கொப்பியில் இரண்டையும் எழுதிக்கொண்டேன். கீழே முடிவு எழுத விட்ட இடம் வெறுமையாக இருந்தது.

இந்தக் கட்டத்தில் எங்கள் ஆசிரியை ஒரு விடயத்தைச் சொன்னார். அது எங்கள் விவாதத்தை வேறொரு நாட்டுக்குக் கொண்டு போனது. நாவலில் தோட்டத்தை மேற்பார்வை செய்யும் மக்ரெகர் ஒரு ஸ்கொட்லாந்துக்காரர். அது தற்செயலல்ல என்றார் ஆசிரியை. 1867இல் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலையை வணிகப் பயிராக நட்ட ஜேம்ஸ் டெய்லர் ஸ்கொட்லாந்தில் பிறந்தவர். அவரைப் போல ஏராளமானோர் இங்கே வந்து, தங்கள் ஊர்ப் பெயர்களை நம் மலைகளுக்கு வைத்தார்கள். அக்கரப்பத்தனையில் கிளாஸ்கோவும் பல்மோரலும், நானுஓயாவில் எடின்பரோவும், தலவாக்கலையில் ஹோலிரூட்டும் இருப்பது அதனால்தான்.

"அக்கரப்பத்தனையில் வேவர்லி, கினிகத்தேனையில் கெனில்வர்த். இந்த இரண்டு பெயரும் எவை தெரியுமா?" என்று கேட்டார். எங்களுக்குத் தெரியவில்லை. இரண்டும் சேர் வால்டர் ஸ்கொட் எழுதிய வரலாற்று நாவல்களின் பெயர்கள். நானுஓயாப் பக்கத்து அபொட்ஸ்ஃபோர்ட், அந்த நாவலாசிரியர் கட்டி வாழ்ந்த வீட்டின் பெயர். பஸ் பலகையில் வாசித்து வாசித்து எங்களுக்குப் பழகிப்போன பெயர்கள் கதைப் புத்தக அலுமாரியிலிருந்து இறங்கி வந்தவை என்பதைக் கேட்டு வகுப்பே வாயடைத்துப் போனது. தொழிலாளர் அதே தோட்டங்களுக்குத் தங்கள் வாய்க்கு வந்த தமிழ்ப் பெயர்களையும் வைத்துக்கொண்டார்கள் என்பது வேறு கதை.

'வேவர்லி' 1814இல் வெளிவந்தது. ஸ்கொட்லாந்து மலைவாசிகள் 1745இல் செய்த கிளர்ச்சியைப் பின்னணியாகக் கொண்ட காதல் கதை. இளம் ஆங்கிலேய அதிகாரி ஒருவன் மலைநாட்டுக்குப் போகிறான், அதன் அழகிலும் வீரத்திலும் மயங்குகிறான். நூல் அமோகமாக விற்றது. ஐரோப்பா முழுவதும் வரலாற்று நாவல் என்றொரு பைத்தியம் பிடித்தது. நமது கல்கி வரைக்கும் அந்தக் காற்று வீசியது என்று விமர்சகர்கள் சொல்வதுண்டு. ஆனால் ஸ்கொட்டைப் பற்றியும் வாசகர்கள் ஒருமனதாக இருக்கவில்லை. பழைய வீரத்தையும் குலப் பெருமையையும் இனிக்க இனிக்க எழுதி, அமெரிக்காவின் தென் மாநிலங்களை உள்நாட்டுப் போர் வரை இழுத்துப் போனதில் அவருக்குப் பங்குண்டு என்று எழுத்தாளர் மார்க் ட்வெய்ன் 1883இல் வெளிவந்த தமது நூலில் சாடினார்.

அதைவிட எங்களை உலுக்கியது இன்னொரு செய்தி. 'வேவர்லி' வெளிவந்த அதே 1814ஆம் ஆண்டு, ஸ்கொட்லாந்தின் வடக்கே ஸ்ட்ராத்நேவர் பள்ளத்தாக்கில் குடியானவர்கள் தங்கள் வீடுகளிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். அவர்கள் திரும்பி வராதபடி வீடுகளின் கூரைகளுக்குத் தீ வைக்கப்பட்டது. காரணம், அந்த நிலத்தில் செம்மறியாடு வளர்த்தால் நிலவுடைமையாளருக்கு வருமானம் அதிகம். எட்டு ஆண்டுகள் கழித்து, 1822இல், மன்னர் நான்காம் ஜோர்ஜ் எடின்பரோவுக்கு வந்தபோது ஸ்கொட்டின் ஏற்பாட்டில் எல்லோரும் மலைவாசிகளின் கட்டம் போட்ட உடையணிந்து நின்றார்கள். மலைவாசியின் உடை நாகரிகமாகிய காலத்திலேயே மலைவாசி மலையை இழந்துகொண்டிருந்தான்.

வரலாற்று மாணவி உடனே சொன்னாள், "அங்க ஆட்டுக்காக மனுசர எறக்கினாங்க. இங்க கோப்பிக்காக மனுசர ஏத்தினாங்க." தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டு வழியே நடந்து வந்தவர்களையும், வழியில் மாண்டு போனவர்களையும் நாங்கள் நினைத்துக்கொண்டோம். மலையகம் 200 நினைவாக 2023இல் அதே வழியில் மக்கள் நடந்ததைச் செய்திகளில் பார்த்திருந்தோம். தேயிலைப் பெட்டியை எடுத்துப் பாருங்கள். கூடை சுமந்த ஒரு பெண் அதில் சிரித்துக்கொண்டிருப்பாள். அவளுக்குப் பெயர் இருக்காது. ஸ்கொட்லாந்துக்காரருக்கு அந்தக் கட்ட உடை எப்படியோ, நமக்கு அந்தக் கூடை அப்படி. படத்தில் அது மிக அழகாகத்தான் இருக்கிறது.

எங்கள் வட்டத்தின் கருத்துகள் இப்படித் திசைக்கொன்றாகப் போனபோது, நான் இரவுகளில் அதே கதையை உம்மும்மாவுக்கும் சொல்லி வந்தேன். உம்மும்மாவுக்கு எழுத வாசிக்க அதிகம் தெரியாது. ஆனால் மலைநாட்டைத் தெரியும். அவருடைய வாப்பா ஒரு தோட்டத்தின் அடிவாரத்தில் சில்லறைக் கடை வைத்திருந்தவர். லயத்துப் பெண்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டு மாவும் மண்ணெண்ணெயும் கடனுக்கு வாங்கிப் போவதைப் பார்த்தே வளர்ந்தவர் உம்மும்மா. இன்றைக்கும் எங்கள் வாப்பாவின் கடையில் அதே கடன் கொப்பி உண்டு, சம்பள நாளில் கோடு கிழிப்பார்கள்.

கதை முழுவதையும் உம்மும்மா தஸ்பீஹ் மணியை உருட்டியபடி கேட்டார். குவெனின் பயம், கணவனின் இரகசியம், ஓவியர் மேல் விழுந்த சந்தேகம் எதுவும் அவரை அசைக்கவில்லை. கதை முடிந்ததும் கேட்டார்:

"அந்தப் புள்ளக்கிப் பால் குடுத்து வளத்தது ஆரு மகள்?"

"கிராமத்துல ஒரு பொம்பள, உம்மும்மா."

"அவட பேரென்ன? அவளுக்குச் சொந்தப் புள்ள ஈந்திச்சா? மடியில கெடந்த புள்ளயத் திருப்பி எடுத்த நேரம் அவ அழல்லயா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. புத்தகத்தைப் புரட்டினேன். குவெனின் துயரம் பக்கம் பக்கமாக இருந்தது. வளர்த்தவளுக்கோ அதில் மிகச் சிறிய இடம். அவள் வாசல் வரை வந்து நிற்கிறாள், கதைக்குள் வந்து அமரவில்லை. உம்மும்மாவுக்கு அது ஏமாற்றம். "பெத்தவட கண்ணீர எழுதினா, வளத்தவட கண்ணீரயும் எழுதணும். அதுவும் தாய்தானே" என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டார். எங்கள் மார்க்கத்தில் பாலூட்டியவளும் தாயின் இடத்தில் வைக்கப்படுகிறவள். உம்மும்மாவின் கேள்வி அங்கிருந்து வந்திருக்கும்.

புதன்கிழமை இந்தக் கேள்வியை நான் வட்டத்தில் வைத்தேன். அன்று முதல் தடவையாக, பேசாமலிருந்த இருவரும் ஒரே கேள்வியைப் பற்றி யோசித்தார்கள். தோட்டத்துத் தோழி, தன்னைப் பிள்ளைக் காம்பராவில் வைத்துப் பார்த்துக்கொண்ட ஆயம்மாவைப் பற்றிச் சொன்னாள். ஒரே நேரத்தில் பதினைந்து இருபது குழந்தைகளைத் தூளியிலும் பாயிலுமாகப் போட்டுப் பார்த்துக்கொண்ட முதியவர். பங்களாவில் ஆயா, காம்பராவில் ஆயம்மா. சொல் ஒன்றுதான். பங்களா ஆயா நாவலுக்குள் வந்துவிட்டார். காம்பரா ஆயம்மா இன்னும் வரவில்லை. "அவங்க கையில எப்பவும் வசம்பு வாசம் வரும்" என்றாள் அவள். மற்றவள் தலை நிமிர்ந்து பார்த்தாள். "அவங்க இப்ப எங்க?" என்று கேட்டாள். மூன்று வாரத்துக்குப் பிறகு அவர்களிடையே வந்த முதல் கேள்வி அது. "மௌத்தாகிட்டாங்களா?" என்று நம் வழக்கில் கேட்க வாயெடுத்து, "இருக்காங்களா?" என்று திருத்திக்கொண்டாள். இருக்கிறாராம். கண் தெரியாதாம். குரலை வைத்துப் பிள்ளைகளை அடையாளம் காண்கிறாராம்.

அதன் பிறகு தோட்டத்துத் தோழி நாவலைத் தானே வாசிக்க வேண்டும் என்று வாங்கிக்கொண்டு போனாள். அதுவரை அவள் என் வாயால் கேட்டவள் மட்டுமே. அகராதியோடு ஒரு மாதம் எடுத்தது. திருப்பித் தந்த அன்று, "கடைசில அழுதிட்டேன். கோவத்தோட அழுதேன். ரெண்டும் ஒண்ணா வரும்னு எனக்குத் தெரியாது" என்றாள். தன் கருத்தை அவள் மாற்றிக்கொள்ளவில்லை. லயத்தை ஒரு காட்சியாக மட்டும் காட்டிவிட்டுப் போகும் நூல் என்றுதான் இன்றைக்கும் சொல்கிறாள். மற்றவளும் தன் கருத்தை மாற்றவில்லை. ராத்தாவுக்கு அந்தக் கதையைச் சொல்லிக் கொடுத்ததாகவும், ராத்தா அன்றிரவு நீண்ட நேரம் உறங்காமல் இருந்ததாகவும் சொன்னாள்.

இருவருமே சரி என்று சொல்லி நான் நழுவிவிட விரும்பவில்லை. என் கருத்தையும் சொல்லத்தான் வேண்டும். வரலாற்றுக் காதல் நாவல் ஒரு ஜன்னல். எந்த ஜன்னலும் எல்லாவற்றையும் காட்டாது, அது குற்றமில்லை. பங்களா ஜன்னலிலிருந்து பார்த்தால் மலை பச்சையாகவும் கொழுந்துப் பெண்கள் வண்ணப் புள்ளிகளாகவும் தெரிவார்கள். குவென் அப்படிப் பார்ப்பது இயல்பு. ஆனால் எழுதுகிறவரும் வாசிக்கிறவரும் குவென் அல்லவே. ஒரு குழந்தையை நிறத்துக்காக மறைப்பது கொடுமை என்று நம்மை உணர வைக்கும் ஆற்றல் அந்த நூலுக்கு இருக்கிறது. அதனால்தான் என் தோழி அழுதாள். அந்தக் கண்ணீர் பொய்யல்ல. ஆனால் அது ஒரு குழந்தையோடு நின்றுவிடுமானால் குறையுள்ள கண்ணீர். லியோனிக்காக அழக் கற்றுக்கொண்டவர்கள் அடுத்த படியாகப் பிள்ளைக் காம்பராவின் வாசலுக்கு வர வேண்டும். அங்கே நம்மைக் கொண்டு போகும் பொறுப்பு ஜெஃப்ரிஸுக்கு இல்லாமல் இருக்கலாம். அது நம்முடையது. இந்த மலைகளின் பஸ்ஸில் தினமும் வருகிறவர்கள் நாங்கள்தானே.

கீழேயிருந்து பார்க்கும் ஜன்னல்களும் ஏற்கெனவே நமக்குத் திறந்து வைக்கப்பட்டிருக்கின்றன. கோகிலம் சுப்பையாவின் 'தூரத்துப் பச்சை' 1964இல் வெளிவந்தது. சி. வி. வேலுப்பிள்ளையும் தெளிவத்தை ஜோசப்பும் லயத்துக்குள்ளிருந்து கதை சொன்னார்கள். எங்கள் நூலகத்தில் 'தூரத்துப் பச்சை' ஒரு பிரதி உண்டு. அடுத்த தவணைக்கு வாசகர் வட்டம் அதை எடுத்துக்கொண்டிருக்கிறது. அதிலும் எங்களுக்குள் சண்டை வரும் என்றே நினைக்கிறேன். வந்தால் நல்லது.

சகோதரிகளே, 'தி டீ பிளான்டர்ஸ் வைஃப்' நூலும் இப்போது நூலக அலுமாரியில்தான் இருக்கிறது. எடுத்து வாசியுங்கள். பிடித்தால் பிடித்தது என்று சொல்லுங்கள், பிடிக்காவிட்டால் அதையும் உரக்கச் சொல்லுங்கள். ஆனால் எந்த வரலாற்றுக் கதையைக் கையில் எடுத்தாலும், அது ஸ்கொட்லாந்தின் கோட்டையானாலும் சோழநாட்டு அரண்மனையானாலும் ஹட்டன் பங்களாவானாலும், என் உம்மும்மாவின் கேள்வியையும் கூடவே வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பிள்ளைக்குப் பால் கொடுத்தது யார்? அவளுக்குப் பெயர் என்ன?